அந்த சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

அம்மா, நேற்று மகனின் கல்லூரிச் சேர்க்கை பற்றிக் கேட்க இங்கே வந்தபோது பேசியதெல்லாம் நீங்கள்தான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலைன்னா சொந்தக்காரங்க முகத்தில் எப்படி முழிப்பேன்" என்று கண்கலங்கினீர்கள். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு, நேராகவே சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டை அடமானம் வைத்து அந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை வாங்காதீர்கள். யோசனை சொல்லும் பெரியப்பா தவணை கட்ட வரமாட்டார்.

உங்கள் மகன் வாயைத் திறந்தது ஒரே முறை. "ரெண்டு பிளாஸ்டிக்கைச் சேர்த்து உருக்கினா ஏன் சார் ஒண்ணா ஆகமாட்டேங்குது?" அந்தக் கேள்வியின் வீடு பாலிமர் பொறியியல், அதாவது பிளாஸ்டிக், ரப்பர் மாதிரிப் பொருள்களைப் பற்றிய படிப்பு.

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் என்ற இரண்டு பிளாஸ்டிக்குகளும் அண்ணன் தம்பி மாதிரி; இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஆனாலும் உருக்கிக் கலக்கினால் ஒன்று மற்றொன்றுக்குள் துளித்துளியாகத்தான் நிற்கும். மூலக்கூறுகள் அவ்வளவு நீளமான சங்கிலிகள் என்பதால், கலந்துபோவதில் அவற்றுக்குக் கிடைக்கும் என்ட்ரோபி, அதாவது பொருள்களைத் தானாகக் கலக்கத் தூண்டும் ஒழுங்கின்மை, மிகச் சொற்பம். லேசான ஒவ்வாமை இருந்தாலே பிரிந்துவிடும். துளி எவ்வளவு சிறியது, அதன் விளிம்பில் பிடிப்பு எப்படி என்பதைப் பொறுத்துத்தான் பொருள் தாங்குவதும் உடைவதும்.

துளியை உடைப்பது உருகிய பிளாஸ்டிக்கின் ஓட்டம். ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1934-லேயே இதைத் திரவத் துளிகளில் ஆராய்ந்தார். துளியின் பாகுநிலை (ஓடாமல் கெட்டியாக இழுக்கும் தன்மை) சுற்றியிருப்பதைவிடச் சுமார் 4 மடங்கைத் தாண்டினால், அடுக்கடுக்காக வழுக்கும் ஓட்டத்தில் என்ன வேகம் கொடுத்தாலும் அது உடையாது, உருண்டுகொண்டே இருக்கும். இழுத்து நீட்டும் ஓட்டம் வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து தள்ளும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் எந்த இடத்தில் பிசைய வேண்டும், எந்த வெப்பத்தில் ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் இதை வைத்து எடுக்கும் முடிவுகள். அப்புறம், ஒட்டாத இரண்டு பிளாஸ்டிக்குகளை ஒட்டவைக்கும் இணக்கிகள் இருக்கின்றன. நைலானையும் பாலிபுரொப்பிலீனையும் சேர்க்க, மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஒட்டிய பாலிபுரொப்பிலீனைக் கொஞ்சம் போடுவார்கள். அது நைலானின் முனைகளோடு வினைபுரிந்து இரண்டையும் விளிம்பில் தைத்துவிடும். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் வேலை இது.

கார் பம்பருக்கான கலவையைத் தயாரிக்கும் இடத்திலும், கலந்து கிடக்கும் பிளாஸ்டிக் கழிவை மறுசுழற்சி செய்யும் இடத்திலும் இது தெரிந்தவர்கள் தேவை. இளங்கலையோடு நின்றால் பெரும்பாலும் உற்பத்தி, தரச் சோதனை வேலைகள்தான். புதுக் கலவை வடிவமைக்க மேற்படிப்பு வேண்டும். அதற்கும் சேர்த்து இப்போதே கணக்குப் போடுங்கள். வேதியியல் அவனுக்குப் பிடிக்காதென்றால் நானே வேண்டாம் என்பேன்.

அடுத்த முறை அவனை மட்டும் அனுப்புங்கள். பேசிவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.