வெறுந்தரையும் மழைத்துளியும்: மண் அரிப்பு குறித்த கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நிலத்தின் சரிவு நூறு அடிக்கு மூன்றடிதான். பள்ளமோ ஓடையோ எங்கும் விழவில்லை. அரிப்பு இல்லை என்று நம்பலாமா, ஐயா?

பதில்: நம்ப வேண்டாம். பள்ளம் விழுவது பிந்தைய கட்டம். அதற்கு வெகுகாலம் முன்பே நிலம் முழுவதிலிருந்தும் மேல்மண் மெல்லிய படலமாகக் கழன்று போய்க்கொண்டிருக்கும். அடுத்த பெருமழை ஓய்ந்ததும், பயிர் மூடாத ஓர் இடத்தில் குந்தி உட்கார்ந்து சிறு கற்களைக் கவனியுங்கள். கல் ஒவ்வொன்றும் விரற்கடைக்கும் குறைவான ஒரு மண்தூணின் உச்சியில், குடையின் கீழ் நனையாத இடம்போல, தன் அடியில் இருந்த மண்ணை மட்டும் காத்துக்கொண்டு நிற்பதைக் காண்பீர்கள். அந்தத் தூணின் உயரம் சுற்றிலும் பெயர்ந்த மண்ணின் உயரம். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் என்பது 10 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 13 டன். தூண் 3 மில்லிமீட்டர் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பெயர்ந்த மண் முழுவதும் நிலத்தை விட்டு வெளியேறிவிடாது. ஒரு பகுதி சற்றுத் தள்ளிப் படியும். ஆயினும் முதலில் வெளியேறுவது நுண்ணிய களிமண்ணும் மட்கிய பொருளும்தான். பயிருக்கு உணவு தருபவை அவையே.

கேள்வி: ஓடும் நீர்தானே மண்ணைக் கொண்டுபோகிறது? வரப்புகளைப் பலப்படுத்தினால் போதாதா?

பதில்: ஓடும் நீர் பெரும்பாலும் சுமக்கும் வேலையைத்தான் செய்கிறது, மண் கட்டிகளை உடைத்துச் சுமையாக்கிக் கொடுப்பது மழைத்துளி. வெப்பமண்டலப் பெருமழையின் 5 மில்லிமீட்டர் துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. இன்றைய ஜிம்பாப்வேயில் 1950களில் மண் பாதுகாப்பு ஆய்வாளர் நார்மன் ஹட்சன் ஓர் எளிய சோதனை செய்தார். அருகருகே இரண்டு வெறும் பாத்திகள்; ஒன்றன்மேல் மட்டும் கொசுவலைக் கம்பியை விரித்துக் கட்டினார். இரண்டின்மீதும் விழுந்த மழை ஒன்றே, சரிவும் ஒன்றே. வலை துளியைச் சிதறடித்து அதன் வேகத்தைக் கொன்றது, அவ்வளவுதான். வலையில்லாத பாத்தி இழந்த மண் மற்றதைவிட நூறு மடங்குக்கும் மேல். உங்கள் நிலத்தில் அந்த வலையின் வேலையைச் செய்ய வேண்டியவை பயிரின் இலையும், அறுவடைக்குப் பின் மிஞ்சித் தரையில் கிடக்கும் தாளும். ஆகையால் என் முதல் எச்சரிக்கை இதுதான்: பருவத்தின் முதல் மழைகள் வரும்போது தரை வெறுமையாகக் கிடக்கக் கூடாது. ஓராண்டின் இழப்பில் பெரும்பகுதியை இரண்டு மூன்று மழைகளே முடித்துவிடுவதுண்டு.

கேள்வி: மண் அரிப்பைத் தடுக்க எந்த மரம் நடலாம்?

பதில்: மரத்தின் பெயரைவிட மரத்தடியில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். உயரமான மரத்தின் அகன்ற இலை சிறு துளிகளைச் சேர்த்துப் பெருந்துளியாக்கிச் சொட்டுகிறது. எட்டுப் பத்து மீட்டர் விழுவதற்குள் அது இழந்த வேகத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்கிறது. சருகைக் கூட்டி எரித்துவிட்ட தேக்குத் தோப்பில் அரிப்பு கடுமையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. சருகை எரிக்காதீர்கள், ரப்பர்த் தோட்டங்களில் செய்வதுபோல மரத்தடியில் பயறுவகை மூடுபயிரைப் படரவிடுங்கள்.

கேள்வி: நெல்லுக்கு மேலுரம் எத்தனை நாளில் இட வேண்டும்?

பதில்: இந்த அமர்வின் பொருள் அதுவன்று. உர நிபுணரிடம் கேளுங்கள்.

கேள்வி: உழாமல் விதைத்தால் அரிப்பு நின்றுவிடும் என்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் செய்தேன். மழைநீர் முன்னைவிட வேகமாக வழிந்தோடியது. இது வெறும் பிரசாரமா?

பதில்: அறுவடைக்குப் பின் தாளை என்ன செய்தீர்கள்?

அவரே: மாடுகளுக்குக் கொடுத்தேன். வேறு தீவனம் கிடையாது.

பதில்: அப்படியானால் நீங்கள் செய்தது பாதி முறை. பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்னும் விவசாயி 1972இல் உழவைக் கைவிட்டதிலிருந்து அங்கே பரவிய முறையின் உயிர், கலப்பையை ஒதுக்கியதில் மட்டும் இல்லை; தரைமேல் விடப்பட்ட தாளிலும், இடைக்காலத்தில் விதைத்த மூடுபயிரிலும் இருக்கிறது. நைஜீரியாவின் இபாடானில் 1970களில் மண் அறிவியலாளர் ரத்தன் லால் நடத்திய சோதனைகளிலும், தாள் மூடிய உழாத நிலத்தில் இழப்பு மிகச் சொற்பமாக இருந்தது. மூடாக்கு இல்லாமல் உழவை மட்டும் நிறுத்தினால், மேற்பரப்பு இறுகி எளிதில் பொருக்குத் தட்டும் மண்ணில் நீர் இறங்க வழியின்றி வழிந்தோடத்தான் செய்யும்.

மற்றொருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவ்வகை மண்ணில் ஒரு மேலுழவு பொருக்கை உடைத்து நீரை உள்ளே விடுகிறதே? உழவைக் குற்றவாளியாக்குவது நியாயமா?

பதில்: நீங்கள் சொல்வது உண்மை, ஆனால் அந்தப் பயன் அடுத்த சில பெருமழைகள் வரைதான். உழுது பொடியாக்கிய மண்ணை அதே துளிகள் அடித்து மீண்டும் பொருக்காக்கிவிடும், அத்துடன் உதிரியான மண் நீரோடு போகவும் ஆயத்தமாக இருக்கும். கட்டி கட்டியாக விட்ட கரடான உழவைக்கூட நான் ஏற்பேன். ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பையால் மாவாக்குவதை ஏற்க மாட்டேன்.

உழாமல் விதைத்தவர்: அப்படியானால் மாட்டுக்கு என்ன போடுவது?

பதில்: இந்த விவாதத்தின் முடிச்சே அதுதான் என்பதை மறுக்கவில்லை. தாள் முழுவதையும் விடச் சொல்லவில்லை. தரையில் மூன்றில் ஒரு பங்கு மறைந்தாலே இழப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது. தானியப் பயிரைச் சற்று உயர்த்தி அறுங்கள், அடித்தாளை நிற்க விடுங்கள், வரப்போரத்தில் தீவனப்புல் வளருங்கள். அதுவும் இயலாதெனில் சரிவுக்குக் குறுக்கே உழுது விதையுங்கள். மேலிருந்து கீழாக ஓட்டும் ஒவ்வொரு சாலும் நீங்களே வெட்டிக் கொடுக்கும் வாய்க்கால்.

கேள்வி: மண் அரிப்புக்கு வேம்பு நல்லதா, புங்கன் நல்லதா?

பதில்: மரம் பற்றிய பதில் மேலே இருக்கிறது. சருகை எரிக்காதீர்கள்.

கேள்வி: வெட்டிவேரை எவ்வளவு இடைவெளியில் நட வேண்டும்?

பதில்: வரிசைக்குள் ஒரு சாணுக்கும் குறைவாக, 10 முதல் 15 சென்டிமீட்டரில், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் செல்லும் சம உயரக் கோட்டின்மேல் நடுங்கள். வரிசைகளுக்கிடையே ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயர வேறுபாடு இருக்கலாம். நூற்றுக்கு ஐந்து சரிவில் ஒரு மீட்டர் வேறுபாடு என்பது 20 மீட்டர் தொலைவு. நடுவில் ஒரு தூர் செத்தாலும் உடனே நிரப்புங்கள்; அந்த இடைவெளியில் நீர் குவிந்து பாய்ந்து பள்ளம் பறிக்கும்.

கேள்வி: சம உயர வரப்பு போட்டேன், ஒரே மழையில் மூன்று இடங்களில் உடைந்தது. பணம் வீண். எந்த மரம் நட்டால் வரப்பு நிற்கும்?

பதில்: மறுபடியும் மரமா! நீரைத் தேக்கும் வரப்புக்கு வடிகால் வேண்டும். மிகும் நீர் ஓரிடத்தில் மெல்ல இறங்கிப் போக, கல் பாவிய வழியோ புல் மூடிய வழியோ விட்டிருந்தால் வரப்பு தப்பியிருக்கும். வழியில்லாத நீர், வரப்பின் தாழ்ந்த இடத்தில் ஏறிக் கடந்து அதை அறுத்துவிடும். ஒன்று உடைந்தால் அதன் வெள்ளம் கீழுள்ள வரப்பையும் உடைக்கும். மழைக்கு முன் நீர்மட்டக் குழாயை வைத்து வரப்பின் உச்சியை அளந்து, தாழ்ந்த இடங்களை உயர்த்துங்கள். அதன்பின் வரப்பின்மேல் புல் நடுங்கள்.