சிப் வடிவமைப்பில் டிடிஆர் அவுட்புட்டுக்கு டைமிங் கட்டுப்பாட்டை (நேரத் தேவையை டூலுக்குச் சொல்லும் வரியை) ஏன் இரண்டு தடவை எழுத வேண்டும்?

டிடிஆர் (டபுள் டேட்டா ரேட்) என்றால் கிளாக் சிக்னல் ஏறும்போது ஒரு டேட்டா, இறங்கும்போது இன்னொன்று. 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10 நானோசெகண்ட். ஒரு டேட்டாவுக்குக் கிடைப்பது வெறும் 5.

தோவாளைப் பூச்சந்தையிலிருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் பூக்கூடை ஏற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் என்பது கிளாக்கின் விளிம்பு (ஏறும் அல்லது இறங்கும் கணம்), கூடை என்பது டேட்டா. பஸ் வருமுன்பே கூடை வந்து நிற்க வேண்டும்: அது செட்டப். பஸ் நகரும்வரை அடுத்த பஸ்ஸின் கூடை அந்த இடத்துக்கு வரக்கூடாது: அது ஹோல்ட். டிடிஆரில் பஸ்கள் இரட்டிப்பு, அவ்வளவுதான்.

அந்தக் கட்டுப்பாட்டை எழுதும் கட்டளை 'செட் அவுட்புட் டிலே' (set_output_delay). அதை ஒருமுறை மட்டும் எழுதினால், டைமிங்கைச் சோதிக்கும் டூல் ஏறும் விளிம்பை மட்டுமே சோதிக்கும். இறங்கும் விளிம்புக்கு 'கிளாக் ஃபால்' (-clock_fall) ஆப்ஷன் போட்டு மறுபடி எழுதுங்கள். கூடவே 'ஆட் டிலே' (-add_delay) ஆப்ஷனும் வேண்டும். அதை விட்டால் பின்னது முன்னதை அழித்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அப்புறம் எண்கள். போர்டில் டேட்டா, கிளாக் தடங்கள் சம நீளம் என்றால், கட்டளையில் தரும் மேக்ஸ் (அதிகபட்ச மதிப்பு) என்பது டேட்டாவைப் பெறும் எதிர்ச் சிப்பின் செட்டப் நேரம். மின் (min, குறைந்தபட்ச மதிப்பு) என்பது மைனஸ் ஹோல்ட் நேரம். செட்டப் 1, ஹோல்ட் 0.5 நானோசெகண்ட் என்றால் மேக்ஸ் 1, மின் -0.5. மைனஸைப் பார்த்துப் பதற வேண்டாம், அது சரிதான்.

அவுட்புட் டிலே என்பது டேட்டாவைத் தாமதப்படுத்தும் உத்தரவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சிப்புக்கு வெளியே தேவைப்படும் நேரத்தை டூலுக்குச் சொல்லும் தகவல் மட்டுமே.