எட்டு மாதமாகியும் உட்காரவில்லை... சிகிச்சையின் பின்விளைவா?

கேள்வி: ஐ.வி.எஃப். (செயற்கைக் கருத்தரிப்பு) சிகிச்சையின்போது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்ந்தேன். அதே முறை இரட்டைக் கரு தங்கியது. 32 வாரம் முடிந்ததும் பிரசவம். இப்போது எட்டு மாதமாகிறது. இருவருமே தானாக உட்காரவில்லை. அன்றைய சிக்கல் மூளையைப் பாதித்திருக்குமோ?

பதில்: முதலில் வயதைத் திருத்திக்கொள்ளுங்கள். எட்டு வாரம் முந்திப் பிறந்தவர்கள் என்பதால், வளர்ச்சிக் கணக்கில் அவர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம்தான். பிடிமானமின்றி உட்கார ஒன்பது மாதம்வரை ஆகலாம். இரண்டு வயதுவரை இப்படிக் கழித்தே பாருங்கள். (தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு.)

முட்டையை முதிரவைக்கப் போடும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசிதான் பெரும்பாலும் உங்களுக்கு வந்த சினைப்பைச் சிக்கலைக் கிளப்பிவிடுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து வயிற்றில் நீர் சேரும், ரத்தம் கெட்டிப்படும். கரு தங்கினால் அதிலிருந்தும் அதே ஹார்மோன் சுரப்பதால் தொல்லை நீளும். இரட்டை என்றால் இன்னும் கூடும். தாய்க்கு இது ஆபத்தானதுதான். ஆனால் குழந்தையின் மூளையை நேரடியாகக் கெடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கவனம் போகவேண்டியது குறைப்பிரசவத்தின் மேல். ஸ்வீடனில் 1982 முதல் 2007 வரை பிறந்த சுமார் 25 லட்சம் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அறிவுத்திறன் குறைபாடு, இயல்பாகக் கருவுற்ற குழந்தைகளிடம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 40 என்பது ஐ.வி.எஃப். குழந்தைகளிடம் 46 ஆக இருந்தது. ஒற்றைப் பிரசவங்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை; அதாவது இரட்டைப் பிரசவமும் அதோடு வரும் குறைப்பிரசவமும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம். விதைப்பையிலிருந்து அறுவைசிகிச்சை மூலம் விந்தணு எடுத்துச் செய்த இக்ஸி (ஒரு விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்துவது) போன்ற சில முறைகளில்தான் அபாயம் கூடுதலாகத் தெரிந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள்: பிறப்பு எடை, தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு, வென்டிலேட்டரில் இருந்த நாட்கள், சர்க்கரை குறைந்ததா, மஞ்சள்காமாலை எவ்வளவு ஏறியது. விழித்திரை, செவித்திறன் பரிசோதனைகள் நடந்தனவா என்றும் பாருங்கள். காது கேட்காத குழந்தையை மந்தம் என்று முத்திரை குத்திவிடுவது இன்றும் நடக்கிறது.

தூக்கி உட்காரவைத்தால் தலை பின்னால் சாய்வது, முஷ்டி எப்போதும் மூடியிருப்பது, ஒரே கையை மட்டும் நீட்டுவது, கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னுவது, முகம் பார்க்காதது: இதில் ஒன்று இருந்தாலும் ஒன்பதாம் மாதம்வரை காத்திருக்காமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏதும் இல்லையென்றாலும் திருத்திய வயது 18 முதல் 24 மாதத்துக்குள் முறையான வளர்ச்சிப் பரிசோதனை அவசியம்.

கேள்வி: அடுத்த முறை இதைத் தவிர்க்க முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். உறைகரு மிச்சமிருந்தால் மறுபடி தூண்டவே தேவையில்லை. இல்லையென்றால், ஆன்டகோனிஸ்ட் முறையில் (முட்டை முந்தி வெளியேறாமல் தடுக்கும் மருந்தோடு) தூண்டி, ஹெச்.சி.ஜி.க்குப் பதில் உடலின் சொந்த ஹார்மோனைச் சுரக்கவைக்கும் ஜி.என்.ஆர்.ஹெச். அகோனிஸ்ட் ஊசி போட்டு, கருக்களை எல்லாம் உறையவைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கருவை வையுங்கள். ‘இரண்டு வைத்தால் வாய்ப்பு அதிகம்’ என்று வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள்.