ஒரு நாடு வர்த்தகக் கூட்டமைப்பை விட்டு விலகினால் பொருளாதாரத்தில் உண்மையில் என்ன நடக்கும்?

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதை வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள், கூடவே இலங்கைக்கு அதில் லாபமா நட்டமா என்றும். தீர்வை, அதாவது இறக்குமதி வரி, கூடும், அதனால் விலை கூடும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பிரித்தானியா விசயத்தில் தீர்வை கூடவே இல்லை. 2020 டிசம்பர் 24ஆம் திகதி, பழைய விதிகள் செல்லுபடியாகும் காலக்கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது இரண்டு பக்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் தீர்வை பூச்சியம், அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. அப்படியிருந்தும் அந்த நாட்டு வர்த்தகம் அடிவாங்கியது. ஏன் என்று கேட்டால், கொழும்புக் கோட்டையில் ஒரு சரக்கு அனுப்பும் ஒஃபிஸில் ஏற்றுமதி ஆவணம் பார்த்துச் சம்பளம் வாங்குகிற நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பேப்பர்.

கூட்டமைப்புக்குள் இருக்கும்வரை மான்செஸ்டரில் இருந்து மிலானுக்குச் சாமான் அனுப்புவது, நாம் கொழும்பில் இருந்து கண்டிக்கு அனுப்புவது போலத்தான், லொறியில் ஏற்றினால் சரி. அந்தக் காலக்கெடு முடிந்த மறுநாளே சுங்கப் பிரகடனம் வேண்டும், பொருள் எந்த வகை என்று காட்டும் எச்.எஸ். இலக்கம் வேண்டும், உணவுப்பொருள் என்றால் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், இவ்வளவுக்கும் மேலே அந்தப் பூச்சியத் தீர்வை கிடைக்க வேண்டுமானால் பொருள் உண்மையிலேயே பிரித்தானியாவில் உற்பத்தியானது என்று நிரூபிக்கவும் வேண்டும். பிரித்தானியச் சுங்கத் திணைக்களமே முன்கூட்டிக் கணக்குப் போட்டது: வருடத்துக்கு 21.5 கோடி பிரகடனங்கள் கூடும், தங்கள் நாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் அதனால் சுமார் 750 கோடி பவுண் செலவு. இந்தக் காசு அரசாங்கத்துக்கு வரியாகக்கூடப் போய்ச் சேராது. எங்களைப் போன்ற ஏஜென்டுகளுக்கும் காத்திருக்கிற லொறிக்கும் போகிற காசு. (எங்கள் தொழிலுக்கு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன்.)

லண்டனில் மொத்த வியாபாரம் செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். மிளகாய்த்தூள், ஒடியல், நெத்தலிக் கருவாடு, அரிசிமா எல்லாம் கொண்டெய்னரில் இறக்கி, அதில் ஒரு பங்கைப் பாரிஸ் லா சப்பலில் இருக்கிற தமிழ்க் கடைகளுக்கு வேனில் அனுப்பிக்கொண்டிருந்தார். 2021 ஜனவரிக்கு முன் அதற்கு இன்வொய்ஸும் பெட்ரோலும் போதும். அதற்குப் பிறகு கருவாட்டுக்கு உத்தியோகபூர்வ மிருக வைத்தியர் கையெழுத்திட்ட சான்றிதழ், முன்னறிவித்தல், எல்லைச் சோதனை நிலையத்தில் நிறுத்தம். "தம்பி, செத்துக் காய்ஞ்ச மீனுக்கு என்னத்துக்கு வைத்தியர்?" என்று தொலைபேசியில் கேட்டார். சிரிப்பு வந்தாலும் அவருக்கு உண்மையான அடி அது இல்லை. இலங்கையில் இருந்து நேராக ஐரோப்பாவுக்குப் போனால், வளரும் நாடுகளுக்கு ஒன்றியம் கொடுக்கிற ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற சலுகையில் தீர்வை இல்லாமல் போகிற பொருள், லண்டனில் ஒரு தடவை சுங்கம் முடித்து உள்ளே எடுத்துவிட்டால் அந்தச் சலுகையை இழந்துவிடும். பிரித்தானியாவில் செய்த பொருளும் இல்லை என்பதால் அவர்களுடைய பூச்சிய உடன்படிக்கையும் அதற்குப் பொருந்தாது. ஆக, இரண்டாவது தடவை முழுத் தீர்வை. அதோடு ஒரு வேனில் பத்துக் கடைக்காரரின் சாமான் கலந்து போகும்போது ஒருவருடைய பேப்பரில் பிழை என்றால் பத்துப் பேருடையதும் நிற்கும். கொஞ்சக் காலம் இழுபட்டுப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். இப்போது பாரிஸ் கடைக்காரர்கள் சிலர் எங்களிடம் நேராகவே எடுக்கிறார்கள். கொழும்புக்கு ஒன்றும் குறையவில்லை, நடுவில் நின்று உழைத்த லண்டன்தான் காணாமல் போனது.

பெரிய கம்பனிக்கும் இதே சங்கதிதான். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விற்கிற பெர்சி பிக் என்ற இனிப்பு ஜெர்மனியில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு வரும். அதையே திருப்பி அயர்லாந்துக்கு அனுப்பினால் தீர்வை விழும் என்று 2021 ஜனவரியில் அந்த நிறுவனமே சொன்னது. அதே வருடம் பிரான்சில் 11 கடைகளை மூடும் முடிவையும் எடுத்தார்கள். ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு ஆவணம் பார்க்க ஒரு பிரிவையே வைத்துக்கொள்ளவும், ஐரோப்பாவுக்குள் தனிக் கிடங்கு எடுக்கவும் வசதி இருக்கிறது. என் வாடிக்கையாளருக்கு இல்லை. லண்டன் ஸ்கூல் ஒஃப் எகொனொமிக்ஸ் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கும் இதைத்தான் காட்டியது: முன்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நிறுவனங்களில் 14 வீதம், அதாவது சுமார் 16,400 நிறுவனங்கள், அந்த ஏற்றுமதியையே கைவிட்டுவிட்டன. விழுந்தவை பெரும்பாலும் சின்ன நிறுவனங்கள், பெரியவை சமாளித்துக்கொண்டன. கூட்டமைப்பை விட்டு விலகுவதன் பொருளாதார விளைவு என்ன என்று என்னை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், நாடு மொத்தமாக விழுவதில்லை, சின்னவன் சத்தமில்லாமல் கடையைச் சாத்துகிறான்.

சத்தமில்லாமல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2016 வாக்கெடுப்புக்கு முன் பிரித்தானியத் திறைசேரி, மக்கள் விலகு என்று வாக்களித்தால் உடனே பொருளாதாரம் சுருங்கும் என்று பயங்காட்டியது. அப்படி நடக்கவில்லை. பவுண் மட்டும் ஒரே இரவில் 1.50 டொலரில் இருந்து 1.33க்கும் கீழே போனது, 1985க்குப் பிறகு காணாத மட்டம். அதனால் இறக்குமதிச் சாமான் விலை ஏறியது, மற்றபடி கடைகள் திறந்திருந்தன, வேலை இருந்தது. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று விலகச் சொன்னவர்கள் சொல்லிக்கொள்ள அது வசதியாகப் போய்விட்டது. ஆனால் கறையான் அரிக்கிற வீடு வெளியில் பார்க்க அப்படியேதான் இருக்கும். அரசின் வரவுசெலவுக் கணிப்புகளைத் தனியாக நின்று பார்க்கிற அலுவலகம், ஓ.பி.ஆர். என்பார்கள், அது சொல்வது இது: ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய உற்பத்தித்திறனைவிட நீண்டகாலத்தில் 4 வீதம் குறைவு, ஏற்றுமதி இறக்குமதி 15 வீதம் குறைவு. கொவிட், உக்ரேன் யுத்தம் இரண்டும் நடுவில் வந்ததால் எது எதனால் என்று பிரித்துக் காட்டுவது கஷ்டம், ஆளாளுக்குக் கணக்கு மாறும். ஆனால் மறுபக்கத் தராசில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளியே வந்து சொந்தமாகச் செய்துகொண்டதாகப் பெருமையடித்த அவுஸ்திரேலிய உடன்படிக்கையால் 2035 அளவில் பொருளாதாரம் 0.08 வீதம் வளரும் என்பது அந்த அரசாங்கத்தின் சொந்த மதிப்பீடு. 4க்கு எதிரே 0.08. ஏற்றுமதியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பக்கத்து வீட்டுக்குப் போகும்போது, அந்தக் கதவை இறுக்கிச் சாத்திவிட்டு அவுஸ்திரேலியாவைத் தேடிப் போவதில் என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆட்கள் விசயம் தனிக்கதை. ஐரோப்பியர்கள் தாராளமாக வந்துபோவது நின்றது, 2021இல் லொறி ஓட்ட ஆளில்லாமல் திண்டாடினார்கள், அப்புறம் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தார்கள், 2022இல் இங்கே பெட்ரோல் வரிசையில் நின்ற சனத்தில் பலர் அந்த விசாவில்தான் போனார்கள். 2025இல் வெளிநாட்டில் இருந்து ஆள் எடுப்பதற்கு அதையும் மூடிவிட்டார்கள்.

சரி, இலங்கைக்கு? இங்கேதான் கொஞ்சம் எதிர்பாராத விசயம் இருக்கிறது. ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் விதிப்படி ஆடை தீர்வை இல்லாமல் போக வேண்டுமானால் தைத்தால் மட்டும் போதாது, துணியும் இங்கேயோ இந்தியா போன்ற பக்கத்து நாட்டிலோ நெய்ததாக இருக்க வேண்டும். நம் கட்டுநாயக்க, பியகமத் தொழிற்சாலைகளுக்கு வருகிற துணியில் பெரும்பங்கு சீனத் துணி. ஆகவே சலுகை பெயரளவில் இருந்தாலும் நிறைய ஆடைகளுக்கு அது கைக்கு எட்டுவதில்லை, தீர்வை கட்டியே உள்ளே போகின்றன. பிரித்தானியா வெளியே வந்தபிறகு வளரும் நாடுகளுக்கான சலுகையாகத் தனக்கென்று டி.சி.டி.எஸ். என்ற திட்டத்தை 2023 ஜூனில் தொடங்கியது. 2025 ஜூலையில் ஒரு படி மேலே போய், துணி எந்த நாட்டில் இருந்து வந்தாலும் பரவாயில்லை, இலங்கையில் தைத்தால் தீர்வை இல்லை என்று ஆடைக்கான விதியைத் தளர்த்துவதாக அறிவித்தது. அமெரிக்கா நம் பொருட்கள்மீது 20 வீதம் கூடுதல் தீர்வை போட்ட அதே காலத்தில் இது வந்தது என்பதை மறக்கக்கூடாது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக நம் ஆடைகளை அதிகம் வாங்குகிற நாடு பிரித்தானியாதான். 27 நாடுகளை உட்கார்த்திப் பேசி ஒரு விதியை மாற்றுவதைவிட ஒரு நாட்டோடு பேசி மாற்றுவது லேசு. அந்த வகையில் அவர்கள் விலகியதில் நமக்கு லாபம் என்று துணிந்தே சொல்லலாம். அவர்களுடைய நட்டத்தை அது ஈடுசெய்யுமா என்பது வேறு கேள்வி, செய்யாது.

இதை வாசித்துவிட்டு, "அப்போ நாமும் இந்தியாவோடு இருக்கிற உடன்படிக்கையைத் தூக்கி எறியலாமே" என்று கிளம்பவேண்டாம், கொழும்பில் அப்படிச் சொல்வதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சலுகையை இழந்தால் எப்படி இருக்கும் என்று நாம் ஏற்கனவே பார்த்தோம். 2010 ஓகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் போனது, 2017 மே மாதம்தான் திரும்பி வந்தது. அந்த ஏழு வருடத்தில் ஆடைத்துறை செத்துப்போகவில்லை, பெரிய குழுமங்கள் விலை கூடிய ஆடைகளுக்கு மாறித் தப்பின. தப்பாமல் போனது, ஒரு ஓர்டரை நம்பி இயங்கிய சின்னத் தொழிற்சாலைகள். மேலே சொன்ன லண்டன் கதையேதான், ஊர் மட்டும் வேறு.

கடைசியாக, நீங்கள் கேட்டது ஏற்றுமதி தொடங்கும் எண்ணத்தில் என்றால் ஒரு விசயம். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு 6,000 யூரோவுக்கு மேல் என்றால் ரெக்ஸ் என்கிற ஏற்றுமதியாளர் பதிவு இலக்கம் இருக்க வேண்டும், இன்வொய்ஸில் எழுதுகிற உற்பத்தி நாட்டுக் கூற்றில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. என்று வரவேண்டும். பிரித்தானியாவுக்கு அதே வாசகத்தை அப்படியே ஒட்டாதீர்கள், அங்கே டி.சி.டி.எஸ். திட்டத்தின் பெயர் வரவேண்டும். பழைய இன்வொய்ஸைக் கொப்பி பண்ணி இலக்கத்தை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். ஆடை என்றால் சலுகை கிடைக்காமல் அங்கே எடுக்கிறவர் 12 வீதம் தீர்வை கட்டிவிட்டு, அடுத்த ஓர்டரின் விலையில் அதை உங்களிடம்தான் கழிப்பார்.