மகள் பூஞ்சை படிக்கட்டும் அம்மா, ஆனால் முதலில் தாவரவியல்

வணக்கம் அம்மா. நீட் கைகூடவில்லை, இப்போது மகள் ‘பூஞ்சையை வைத்துக் கொலை வழக்கில் துப்புத் துலக்கும் படிப்பு’ வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

துறை உண்மையானதுதான். பிரெட்டில் பூத்த பூசணத்தைப் பார்த்ததுமே ‘வாங்கி நாலு நாளாச்சு’ என்று சொல்லிவிடுவீர்களே, அந்தக் கணக்குதான் இதற்கும் அடிப்படை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஒரு வீட்டுக்குள் பிணம் கிடந்த வழக்கில், தரைவிரிப்பில் வளர்ந்திருந்த பூசணத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து, இறந்து எத்தனை நாள் என்று கணித்தார்கள். செருப்பில் ஒட்டிய பூஞ்சை வித்துகளும், ஆள் எங்கே நடந்தார் என்பதைக் காட்டிக்கொடுக்கும். இத்தகைய வழக்குகளை 2011-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகத் தொகுத்தவர்கள் டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் பட்ரீசியா வில்ட்ஷையரும். ஹாக்ஸ்வொர்த் வாழ்நாள் முழுக்கப் பூஞ்சைகளையும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்களையும் படித்தவர். வில்ட்ஷையர் மகரந்தத் தூள் நிபுணர். இருவரும் தத்தம் துறையில் பழுத்த பிறகுதான் போலீஸ் அவர்களைத் தேடிப் போனது.

இதைத்தான் உங்கள் மகள் கவனிக்க வேண்டும். ‘பூஞ்சைத் தடய நிபுணர் தேவை’ என்று விளம்பரம் வராது. பிளஸ் டூ முடித்ததுமே லட்சங்கள் கட்டி பி.எஸ்சி. தடய அறிவியலில் சேர்க்க அவசரப்படாதீர்கள். அரசுக் கல்லூரியில் தாவரவியலோ நுண்ணுயிரியலோ போதும். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத் தாவரவியல் மையம் இருக்கிறது; பேராசிரியர்கள் டி.எஸ்.சதாசிவன், சி.வி.சுப்பிரமணியன் காலத்திலிருந்தே அது பூஞ்சை ஆய்வுக்குப் பேர்போன இடம். தடய அறிவியல்தான் வேண்டும் என்றால் எம்.எஸ்சி.க்குக் காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம். ஆனால், அரசுப் பணி அறிவிப்புகளில் எந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முதுகலையைத் தேர்ந்தெடுங்கள்.

வேலை வருமா? 1.7.2024 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் குற்றம் நடந்த இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம். ஆட்கள் தேவைப்படுவார்கள் என்றே நம்புகிறேன். கொடைக்கானலில் பிடிபடும் போதைக் காளானை உறுதிசெய்வதும் ஆய்வகம்தான். அதிலுள்ள சிலோசைபின் என்ற போதை தரும் வேதிப்பொருள் சட்டத்தின் தடைப் பட்டியலில் உள்ளது.

‘பொம்பளப் பிள்ளை பிணத்துக்குப் பக்கத்தில் நிற்பதா’ என்ற உங்கள் பயம் புரிகிறது. பூஞ்சை வேலையில் பெரும்பகுதி நுண்ணோக்கிக்கு முன்னால்தான் நடக்கும்.

ஆசை எவ்வளவு தூரம் என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மூன்று பிரெட் துண்டுகளைத் தனித்தனிக் கவரில் நன்றாக மூடி ஒன்றை ஃபிரிட்ஜிலும், ஒன்றை அலமாரியிலும், ஒன்றை ஜன்னலோரத்திலும் வைக்கட்டும். கவரைத் திறக்காமல் தினமும் அளந்து எழுதட்டும். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டோடு வந்து என்னைப் பாருங்கள்.