மாமனார் வீட்டு மறைக்கல்வி நூல்

சகோ, மாமனார் வைத்திருக்கும் மறைக்கல்வி நூல் (கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைத் தொகுப்பு) மரண தண்டனைக்கு இடம் தருகிறது, சிவாஜிநகர் கோவில் சாமியாரோ கூடவே கூடாது என்கிறார், யார் சொல்வது சரி என்று கேட்டிருந்தீர்கள். முதல்ல அந்தப் புத்தகம் அச்சான வருஷத்தைப் பாருங்க. எனக்கென்னவோ பழைய பதிப்புன்னுதான் தோணுது.

அதில் பத்தி எண் 2267-ஐப் புரட்டுங்க. 1997-இல் திருத்திய வாசகம், மக்களைக் காக்க வேறு வழியே இல்லையென்றால் மட்டும் என்று அனுமதிக்கும். ஆனா அப்படிப்பட்ட நிலைமை இன்று அநேகமாக இல்லை என்றும் அதே பத்தியின் கடைசியில் இருக்கும். அந்த வரியை மாமனார் தாண்டிப் போயிருப்பார், எங்கப்பாவும் அப்படித்தான். 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்தியையே மாற்றி, மனித மாண்பைக் காட்டி, 'ஏற்கத்தகாதது' என்று ஆக்கிவிட்டார். ஆக, இப்போதைய போதனை சாமியார் சொல்வதுதான்.

மாமனார் பைபிளில் ரோமர் 13:4-ஐ, அதான் ஆள்பவர் வாளை வீணாக ஏந்தவில்லை என்ற வசனத்தை, எடுப்பார். வத்திக்கான் சட்டத்திலேயே 1969 வரை மரண தண்டனை இருந்ததையும் சொல்லலாம். மறுக்காதீங்க, உண்மைதான். இந்த மாற்றம் பழைய போதனையின் வளர்ச்சியா, அதற்கு முரண்பாடா என்று இறையியலாளர்களே இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்; உரோமையின் பதில், வளர்ச்சி. எனக்கும் அதுவே சரியாப் படுது.

பேச்சை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் எடுங்க. முன்னாடி வேண்டாம்.