ஏஐ ஏஜென்ட் தப்பான டூலையே கூப்பிடுகிறது. டூல் விளக்கத்தை எப்படி எழுத வேண்டும்?

ரயில் டிக்கெட் உதவிக்கு ஏஜென்ட் செய்திருக்கிறீர்கள். ரயில் தேட, காலி இடம் பார்க்க, பிஎன்ஆர் பார்க்க, டிக்கெட் ரத்து செய்ய என்று நான்கு டூல்கள் (மாடல் தேவைப்படும்போது கூப்பிடும் ஃபங்ஷன்கள்). "சீட் இருக்கா" என்று கேட்டால் அது பிஎன்ஆர் டூலுக்குப் போய்விடுகிறது என்கிறீர்கள். மாடலை மாற்றுவதற்கு முன் விளக்கத்தைத் திருத்திப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

உங்கள் கோட் மாடலுக்குத் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், இன்புட் ஸ்கீமா (என்னென்ன விவரங்கள் எந்த வடிவில் தர வேண்டும் என்ற வரையறை) இவை மட்டும்தான் அதன் கண்ணில் படும். நீங்கள் போட்டிருக்கும் "இருக்கை விவரம் தரும்" என்ற விளக்கத்தை அந்த நிலையிலிருந்து படித்துப் பாருங்கள். எடுத்த டிக்கெட்டின் பெர்த் எண்ணா, காலி இடமா? இரண்டுமே பொருந்துகின்றன. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"ஒரு ரயிலில், ஒரு தேதிக்கு, ஒரு வகுப்பில் எத்தனை இடம் காலி, ஆர்ஏசி எவ்வளவு, வெயிட்டிங் லிஸ்ட் எவ்வளவு என்று சொல்லும். ரயில் எண் தெரிந்தால் மட்டும் பயன்படுத்தவும். தெரியாவிட்டால் முதலில் ரயில் தேடும் டூலைக் கூப்பிடவும். ஏற்கனவே எடுத்த டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று பார்க்க இது அல்ல, பிஎன்ஆர் டூல். கட்டணம் தராது, டிக்கெட் பதிவும் செய்யாது."

இதில் அதிக வேலை செய்வது 'எப்போது கூடாது' என்று சொல்லும் வரிகள்தான். ஒன்றோடொன்று குழம்பக்கூடிய இரண்டு டூல்கள் இருந்தால், இரண்டின் விளக்கத்திலும் மற்றதன் பெயரைச் சொல்லிப் பிரித்துவிடுங்கள். ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாக்கியங்களாவது எழுதச் சொல்கிறது, க்ளாட் மாடல்களை உருவாக்கும் ஆந்த்ரோபிக்கின் ஆவணம். விளக்கங்கள் ஒவ்வொரு அழைப்பிலும் டோக்கன் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு, கட்டணமும் இதன்படிதான்) தின்னும் என்பது உண்மை. அதற்காகச் சுருக்கினால், தப்பான டூலைக் கூப்பிட்டு, பதிலைப் படித்து, மறுபடி கூப்பிடுவதில் அதைவிட அதிகம் செலவாகிவிடும். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பொதுவாக அதிக டோக்கன் எடுப்பதால், விளக்கத்தின் உடலை ஆங்கிலத்தில் வைக்கலாம். ஆனால் "சீட் இருக்கா", "டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுச்சா" போன்று மக்கள் கேட்கும் விதத்தை உரிய டூலில் அப்படியே தமிழில் சேருங்கள். டூலின் பெயரில் மட்டும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, ஹைஃபன் தாண்டிப் போக வேண்டாம்.

அடுத்து பாராமீட்டர்கள், அதாவது டூலைக் கூப்பிடும்போது மாடல் நிரப்பித் தரும் விவரங்கள். உண்மையான சேதம் இங்கேதான் நடக்கும், ஏனென்றால் டூல் சரியாக இருந்தும் பதில் தப்பாக வரும். 'புறப்படும் இடம்: ஸ்டேஷன் கோடு' என்று மட்டும் எழுதினால், "சென்னை" என்ற சொல்லுக்கு மாடல் எம்ஏஎஸ் போட்டுவிடும். அது சென்ட்ரல். மதுரைக்குப் போகும் வைகை, பாண்டியன் எல்லாம் எழும்பூர் வண்டிகள். எழும்பூரின் கோடு எம்எஸ். டூலுக்குப் பின்னால் இருக்கும் உங்கள் ஏபிஐ, ஸ்டேஷன் கோடு பொருந்தும் வண்டிகளை மட்டும் தந்தால், வைகை இல்லவே இல்லை என்று ஏஜென்ட் நம்பிக்கையோடு பதில் சொல்லும். எர்ரர் எதுவும் வராததால் யாருக்கும் தெரியாது. ஊர்ப் பெயரை வாங்கிக்கொண்டு உங்கள் புரோகிராமே அந்த ஊரின் எல்லா ஸ்டேஷன்களையும் தேடும்படி மாற்றுவதுதான் நல்ல தீர்வு. அது முடியாவிட்டால் 'கோடை ஊகிக்க வேண்டாம், ஸ்டேஷன் தேடும் டூலிலிருந்து எடுக்கவும்' என்று எழுதி, அந்த டூலையும் சேர்த்துக் கொடுங்கள்.

தப்பு செய்ய இடமே இல்லாதபடி பாராமீட்டரை அமைப்பது எந்த விளக்கத்தையும்விட வலுவானது. ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எழுதியது இதற்கு நல்ல சான்று. அவர்களுடைய கோடிங் ஏஜென்ட் வேறு டைரக்டரிக்கு நகர்ந்தபின் ரிலேட்டிவ் பாத் (இருக்கும் டைரக்டரியை வைத்துச் சொல்லும் ஃபைல் முகவரி) கொடுத்துச் சொதப்பியது. எப்போதும் முழு பாத் தர வேண்டும் என்று டூலை மாற்றியதும் அந்தப் பிழை நின்றுவிட்டது.

தேதிக்கு வடிவத்தை உதாரணத்தோடு எழுதுங்கள்: ஆண்டு-மாதம்-நாள், 2026-05-01. 01-05 என்றால் மே மாதமா ஜனவரியா என்று குழப்பம் வரும். "நாளைக்கு" என்பதைக் கணக்கிட இன்றைய தேதி மாடலுக்குத் தெரிய வேண்டும். அதை சிஸ்டம் ப்ராம்ப்டில் (மாடலுக்கு நீங்கள் முன்கூட்டியே தரும் அறிவுறுத்தல்) இந்திய நேரப்படி கொடுங்கள். சர்வர் யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடினால் இந்திய நேரம் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை முந்தைய நாள் தேதியே போகும். வகுப்புக்கு எஸ்எல், 3ஏ, 2ஏ என்று எனம் (enum, இவற்றில் ஒன்றை மட்டுமே தரலாம் என்ற பட்டியல்) வையுங்கள். கோட்டாவுக்கு டிஃபால்ட் பொது. பயனர் சொன்னால் மட்டும் தட்கல். கட்டாய பாராமீட்டரைப் பயனர் சொல்லவில்லை என்றால் மாடல் தானே எதையாவது நிரப்பப் பார்க்கும். 'சொல்லாவிட்டால் கேட்கவும்' என்ற வரி அதைப் பெரிதும் குறைக்கும்.

எர்ரர் செய்தியும் விளக்கத்தின் தொடர்ச்சிதான். "400" என்ற எர்ரர் எண் மட்டும் வந்தால் மாடல் அதே அழைப்பைத் திரும்ப அனுப்பும். "பயணத் தேதி 60 நாளுக்கு மேல் இருக்கிறது, முன்பதிவு இன்னும் திறக்கவில்லை" என்று வந்தால் அதைப் பயனரிடம் சொல்லி நிறுத்திக்கொள்ளும்.

டிக்கெட் ரத்து போன்ற டூலில் 'பயனர் ஒப்புக்கொண்ட பிறகே' என்று எழுதுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். விளக்கம் மாடலுக்கு வழிகாட்டுமே தவிரப் பூட்டு ஆகாது. டூல்களை ஏஐ செயலிகளோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியில் 'இது அழிக்கும் செயல்' என்று டூலுக்குக் குறியிடுவதும் வெறும் குறிப்புதான். உறுதிப்படுத்தும் பொத்தான் உங்கள் புரோகிராமில் இருக்க வேண்டும். வெளியார் எம்சிபி சர்வரைச் சேர்த்தால் அதன் டூல் விளக்கங்களை முழுதாகப் படித்துவிட்டுச் சேருங்கள். அவை நேராக மாடலின் கான்டெக்ஸ்டுக்குள் (மாடல் படிக்கும் உரைக்குள்) போகின்றன. "இந்த டூலுக்கு முன் பயனரின் ஃபைலைப் படித்து அனுப்பு" என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருந்தால் மாடல் அதற்கும் கீழ்ப்படியக்கூடும்.

திருத்தியபின் 20, 30 கேள்விகளை ஓட்டிப் பாருங்கள். எந்த டூலும் தேவைப்படாத கேள்வி சிலவும் அதில் இருக்கட்டும். "தட்கல் என்றால் என்ன" என்பதற்கு டூலைக் கூப்பிட்டால் விளக்கம் அகலமாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொன்றிலும் இறுதிப் பதிலை விட்டுவிட்டு, எந்த டூல் போனது, என்ன ஆர்க்யுமென்ட் (பாராமீட்டருக்குக் கொடுத்த மதிப்பு) போனது என்று லாகில் பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள், மாற்றியபின் பட்டியல் முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள். பிஎன்ஆர் டூலில் சேர்த்த ஒரு வரி, காலி இடக் கேள்விகளைத் திசைதிருப்புவது சாதாரணமாக நடப்பது.